அமெரிக்கக் கடல்சார் எரிசக்தித் திட்டங்களும் காற்று மாசு அனுமதியும்: ‘மாசு மூலம்’ என்னும் வரையறையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான கடற்பகுதிகளில் எண்ணெய்க் கிணறு தோண்டுவோரும் காற்றாலை நிறுவுவோரும் பணியைத் தொடங்குமுன் காற்று மாசு அனுமதி பெற வேண்டும். தூய காற்றுச் சட்டத்தில் 1990ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 328ஆம் பிரிவு இதற்கு அடிப்படையாகும். கடலில் எது மாசு மூலம், அது எப்போது மூலமாகிறது, அதனைச் சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு பொதுமக்களுக்குரியது ஆகிய வரையறைகளே இவ்வனுமதியின் பயனைத் தீர்மானிக்கின்றன என்பதை ஆர்க்டிக் துரப்பணம், அட்லாண்டிக் காற்றாலை ஆகிய இரு களங்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: தூய காற்றுச் சட்டம், வெளிக் கண்டத்திட்டு, மாசு மூலம், உமிழ்வு ஈடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், துரப்பணக் கப்பல், கடல்சார் காற்றாலை.

முன்னுரை

நிலத்தில் ஓர் அனல்மின் நிலையமோ வேதியியல் ஆலையோ எழுப்பப்படும்போது, மாசு எங்கிருந்து வெளிவருகிறது என்னும் வினாவிற்கு விடை கண்முன் நிற்கிறது. புகைபோக்கி அசைவதில்லை. அதன் உரிமையாளர் இன்னார், அது நிற்கும் மாவட்டம் இன்னது, அங்குச் செல்லுபடியாகும் விதி இன்னது எனச் சொல்லிவிடலாம். கடலில் இத்தெளிவு இல்லை. அங்கு டீசல் எந்திரங்கள் கப்பலோடு வருகின்றன. ஓரிடத்தில் சில வாரங்களோ மாதங்களோ நின்று பணிபுரிகின்றன. பின்னர் வேறு கடலுக்குச் சென்றுவிடுகின்றன. துறைமுகத்திலிருந்து புறப்படும்போது கப்பலாக இருப்பது, நங்கூரம் பாய்ச்சித் துளையிடத் தொடங்கியதும் ஆலையின் தன்மையைப் பெறுகிறது. இம்மாற்றம் எப்போது நிகழ்கிறது என்பது சொற்பொருள் ஆராய்ச்சி போலத் தோன்றினும், ஒரு திட்டத்தின் பேரில் எத்தனை டன் மாசு கணக்கெழுதப்படும் என்பது அதைப் பொறுத்தே அமைகிறது.

கடல்சார் பணிகளில் முதன்மையான மாசு, டீசல் எரிவதால் தோன்றும் நைட்ரஜன் ஆக்சைடுகளாகும். இவற்றோடு துகள்மம், கார்பன் மோனாக்சைடு, ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் ஆகியனவும் வெளியேறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உருவாக்குகின்றன. பகலில் கடலிலிருந்து கரைநோக்கி வீசும் காற்று அதனை நகரங்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. கடலில் உமிழ்ந்தது கடலிலேயே கரைந்துவிடும் என்னும் எண்ணம் இதனாலேயே பிழையாகிறது.

இந்திய அரசு 2015இல் கடல்சார் காற்றாற்றல் கொள்கையை வெளியிட்டபின் குஜராத், தமிழகக் கடற்பகுதிகள் காற்றாலைகளுக்கு உகந்தனவா என ஆராயப்பட்டு வருகின்றன. அவ்வகையில் அமெரிக்கப் பட்டறிவு இங்குள்ள ஆய்வாளர்களுக்கும் பயன்படக்கூடும். எனினும் இக்கட்டுரையின் எல்லை அமெரிக்கச் சட்டமும் அதன் நடைமுறையுமே ஆகும்.

சட்டத்திற்கு முன்: சாண்டா பார்பரா வாய்க்கால்

அமெரிக்காவில் கரையிலிருந்து பொதுவாக மூன்று கடல்மைல் வரையுள்ள நீர்ப்பரப்பு மாநிலத்திற்குரியது. டெக்சாசுக்கும் புளோரிடாவின் மேற்குக் கரைக்கும் இவ்வெல்லை ஒன்பது கடல்மைல். அதற்கு அப்பாலுள்ள கடற்படுகை ‘வெளிக் கண்டத்திட்டு’ எனப்படும், அது கூட்டரசுக்குரியது. 1953ஆம் ஆண்டு வெளிக் கண்டத்திட்டு நிலச் சட்டம் அதன் ஆட்சியை உள்துறையிடம் ஒப்படைத்தது. அமெரிக்க உள்துறை, இந்திய வழக்கில் உள்துறை என்றவுடன் நினைவுக்கு வரும் காவல், சட்டம் ஒழுங்கு சார்ந்த துறை அன்று. பொதுநிலம், கனிமம், தேசியப் பூங்கா போன்றவற்றைப் பேணுவது அது. கடற்படுகையைக் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டுவதும் அதன் பணி. குத்தகைக்கு விடுபவரே மாசினைக் கண்காணிப்பவராகவும் இருப்பதன் சிக்கல் கலிபோர்னியாவில்தான் முதலில் வெளிப்பட்டது.

சாண்டா பார்பரா வாய்க்காலில் கிடைத்த எண்ணெயைக் கரையில் பதப்படுத்துவதா, கடலிலேயே பதப்படுத்துவதா என்பதில் எக்சான் நிறுவனத்திற்கும் மாநிலத்திற்கும் உடன்பாடு ஏற்படவில்லை. நிறுவனம், பதப்படுத்தும் கருவிகள் பொருத்திய கப்பல் ஒன்றை மாநில எல்லைக்குச் சற்று வெளியே நிறுத்தத் திட்டமிட்டது. அக்கப்பலைத் தூய காற்றுச் சட்டத்தின்கீழ்க் கட்டுப்படுத்தும் அதிகாரம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு உண்டா என்னும் வினா நீதிமன்றம் சென்றது. 1979இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அவ்வதிகாரம் உள்துறைக்கே உரியது எனத் தீர்ப்பளித்தது. கப்பல் 1981இல் பணியைத் தொடங்கி 1994 வரை அங்கேயே இருந்தது. கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நின்ற அக்கப்பலின் புகை, ஓசோன் அளவைக் குறைக்கப் போராடிய ஒரு மாவட்டத்தின் காற்றில் கலந்தது. மாவட்டத்தின் விதிகளோ அதனைத் தொடவில்லை.

1980இல் உள்துறை வகுத்த விதியில் ஒரு வாய்பாடு உண்டு. கரையிலிருந்து உள்ள தொலைவை மைலில் கணக்கிட்டு, அதனை 33.3ஆல் பெருக்கினால் வரும் எண்ணே ஆண்டுக்கு இத்தனை டன் என்னும் விலக்களவு. நைட்ரஜன் ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, துகள்மம், ஆவியாகும் கரிமச் சேர்மம் ஆகிய ஒவ்வொன்றிற்கும் இது தனித்தனியே பொருந்தும். பத்து மைல் தொலைவிலுள்ள மேடை 333 டன் வரையும், முப்பது மைல் தொலைவிலுள்ள மேடை 999 டன் வரையும் மேலாய்வு ஏதுமின்றி நைட்ரஜன் ஆக்சைடை உமிழலாம். இன்றைய தூய காற்றுச் சட்டத்தின்படி, ஓசோன் மாசு ‘கடுமை’ என வகைப்படுத்தப்பட்ட பகுதியில் தரையில் அமையும் ஆலை 25 டன் உமிழ்ந்தாலே ‘பெருமூலம்’ ஆகிவிடுகிறது. தொலைவு கூடக் கூட மாசு நீர்த்துப்போகும் என்பதே வாய்பாட்டின் பின்னுள்ள எண்ணம். கந்தக டை ஆக்சைடுக்கு அது ஓரளவு பொருந்தலாம். பயணவழியிலேயே உருவாகும் ஓசோனுக்கு அதைப் பொருத்துவது கடினம்.

328ஆம் பிரிவின் கட்டமைப்பு

1990ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வதிகாரத்தை உள்துறையிடமிருந்து எடுத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு அளித்தது. பசிபிக், ஆர்க்டிக், அட்லாண்டிக் கரைகளும், மெக்சிகோ வளைகுடாவில் 87 பாகை 30 கலை மேற்கு நெடுங்கோட்டிற்குக் கிழக்கே புளோரிடாவை ஒட்டிய பகுதியும் அதன் எல்லைக்குள் வந்தன. அந்நெடுங்கோட்டிற்கு மேற்கே உள்ள வளைகுடா உள்துறையிடமே விடப்பட்டது. அமெரிக்காவின் கடல்சார் எண்ணெய் உற்பத்தியில் பெரும்பகுதி நிகழ்வது அங்குத்தான். 33.3 என்னும் எண் அங்கு இன்றும் விதிநூலில் உயிரோடிருக்கிறது. தொழிலின் மிகப்பெரிய களத்தை வெளியே விட்டுவிட்டு இயற்றப்பட்ட சீர்திருத்தம் இது என்பதை மறத்தற்கில்லை.

சட்டத்தின் மையக் கருத்து எளிமையானது. மாநிலக் கடலெல்லையிலிருந்து 25 மைலுக்குள் அமையும் மூலத்திற்கு, அது கரையில் அமைந்திருந்தால் எவ்விதி பொருந்துமோ அதுவே பொருந்தும். அக்கரைப்பகுதியை விதிகள் ‘நேரொத்த கரைப்பகுதி’ என அழைக்கின்றன. பெரும்பாலும் மிக அருகிலுள்ள கரைப்பகுதியே நேரொத்த பகுதியாகும். அதனினும் கடுமையான விதிகளையுடைய வேறொரு பகுதி தன்னை அவ்வாறு அறிவிக்கக் கோருதலும் கூடும். 25 மைலுக்கு அப்பால் கூட்டரசின் விதிகள் மட்டுமே செல்லும். முகமை இதற்கான விதித்தொகுப்பை 1992 செப்டம்பரில் வெளியிட்டது.

மாநில விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. கடலுக்கும் அவையே பொருந்த வேண்டுமாயின் கூட்டரசு விதிநூலும் அவற்றைத் தொடர்ந்து செல்ல வேண்டும். எனவே ஒரு நிறுவனம் விண்ணப்பத்திற்கு முன் ‘கருத்தறிவிப்பு’ ஒன்றைத் தாக்கல் செய்யும்போது, முகமை அம்மாநிலத்தின் நடப்பு விதிகளை எடுத்துத் தன் விதிநூலில் சேர்த்துக்கொள்கிறது. கடலுக்கும் கரைக்கும் விதி ஒன்றாக இருத்தல் வேண்டும் என்ற கொள்கை நடைமுறையில் இவ்வாறு ஓர் எழுத்துப்பணியாக வடிவெடுத்துள்ளது.

அனுமதியின் உள்ளடக்கம் அப்பகுதிக் காற்றின் நிலையைப் பொறுத்து இருவகைப்படும். காற்று தேசிய அளவுகோல்களுக்குள் இருக்கும் பகுதியில், ஆண்டுக்கு 250 டன்னுக்கு மேல் உமிழும் ஆற்றலுடைய மூலம் (சில தொழில்வகைகளுக்கு 100 டன்) ‘கிடைக்கக்கூடிய சிறந்த கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பத்தை’ மேற்கொள்ள வேண்டும். தன் உமிழ்வால் காற்று கெடாது என்பதைக் கணினி மாதிரிகளின் வழி காட்டவும் வேண்டும். அளவுகோலை எட்டாத பகுதியில் வரம்பு மிகக் குறைவு, தேவையோ கடுமை. அங்கு ‘எட்டக்கூடிய மிகக் குறைந்த உமிழ்வு வீதம்’ கோரப்படும். செலவு அங்கு ஒரு காரணமாக ஏற்கப்படுவதில்லை. மேலும், உமிழப்போகும் அளவைவிடக் கூடுதலான உமிழ்வை வேறெங்கேனும் குறைத்து ஈடு காட்ட வேண்டும். ஓசோன் மாசின் தரத்திற்கேற்ப இவ்வீட்டு விகிதம் 1.1 முதல் 1.5 வரை செல்கிறது. ‘கடுமை’ எனப்பட்ட பகுதியில் அது 1.3; அதாவது 100 டன் உமிழ்வதற்கு 130 டன் ஈடு. மூடப்பட்ட ஆலைகளின் குறைப்பு வரவாகப் பதியப்பட்டு விற்கப்படுகிறது. புதிதாக வருபவர் அதை வாங்குகிறார்.

கப்பல்களைப் பற்றிய தொடர்தான் 328ஆம் பிரிவில் மிகுந்த வழக்குகளுக்கு இடமளித்தது. மூலத்திற்குப் பணிசெய்யும் கப்பல்களின் உமிழ்வு, அவை மூலத்தருகே இருக்கும்போதும், அதிலிருந்து 25 மைலுக்குள் போகும்போதும் வரும்போதும், அம்மூலத்தின் நேரடி உமிழ்வாகவே கருதப்பட வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. ஆனால் கப்பல் தானே மூலமாவது எப்போது? விதித்தொகுப்பின் விடை: கப்பல் நிலையாகவோ தற்காலிகமாகவோ கடற்படுகையோடு இணைக்கப்பட்டு, அதன்மேல் நிறுவப்பட்டு, வளங்களை ஆராயவோ எடுக்கவோ பயன்படும்போது, அல்லது அத்தகைய நிலையத்தோடு உடலளவில் பிணைக்கப்பட்டிருக்கும்போது. ‘இணைக்கப்பட்டு’, ‘நிறுவப்பட்டு’ என்னும் இரு சொற்களும் ஆர்க்டிக் கடலில் சோதனைக்குள்ளாயின.

ஆர்க்டிக்: நங்கூரமும் மூலமும்

அலாஸ்காவின் வடகரையை ஒட்டிய சுக்சி, போபோர்ட் கடல்களில் ஷெல் நிறுவனம் ‘டிஸ்கவரர்’ என்னும் துரப்பணக் கப்பலைக்கொண்டு எண்ணெய் தேட முனைந்தது. முகமையின் வட்டார அலுவலகம் 2010 மார்ச் 31 அன்று சுக்சி கடலுக்கும், ஏப்ரல் 9 அன்று போபோர்ட் கடலுக்கும் அனுமதி அளித்தது. அக்கடற்கரைகளில் வாழ்பவர்கள் இனுபியாட் மக்கள். வில்தலைத் திமிங்கிலம், கடல்நாய் முதலியவற்றின் வேட்டையே அவர்தம் உணவுக்கும் பண்பாட்டிற்கும் ஆதாரம். அவர்களின் ஊரவைகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் அனுமதிகளை எதிர்த்துச் சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு வாரியத்தை அணுகின.

இத்திட்டத்தில் உமிழ்வின் பெரும்பகுதி துரப்பணக் கப்பலிலிருந்து வருவதன்று. பனிப்பாறைகளை உடைத்து வழியமைக்கும் பேராற்றல் கப்பல்களிலிருந்தும் பிற துணைக் கப்பல்களிலிருந்தும் வருவது. துரப்பணக் கப்பல் ‘மூலம்’ என்னும் நிலையில் இருக்கும் காலத்தில்தான் துணைக் கப்பல்களின் உமிழ்வும் அதன் கணக்கில் சேரும். எனவே மூலமாகும் கணத்தைச் சில மணிநேரம் தள்ளிவைத்தாலும், நங்கூரம் பாய்ச்சும் பணியில் பனியுடைப்புக் கப்பல்கள் எரித்த டீசல் முழுவதும் கணக்கிலிருந்து விடுபட்டுவிடும். வட்டார அலுவலகம் அளித்த அனுமதியில், கப்பல் துளையிடத் தொடங்குவதற்குப் போதிய உறுதியும் நிலைப்பும் பெற்றுவிட்டது எனக் கப்பலிலுள்ள நிறுவனப் பிரதிநிதி அறிவிக்கும்போதே அது மூலமாகும் என்றிருந்தது. ஒழுங்குமுறைக்கு உட்படுபவரே அதன் தொடக்கத்தை அறிவிக்கும் இந்த ஏற்பாடு வியப்பிற்குரியது.

2010 டிசம்பர் 30 அன்று வாரியம் இரு அனுமதிகளையும் திருப்பியனுப்பியது. இந்தக் கணத்தைத் தேர்ந்ததற்கு வட்டார அலுவலகம் போதிய விளக்கம் தரவில்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று மக்கள் நலம் சார்ந்தது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 1971 முதல் ஆண்டுச் சராசரி அளவுகோல் ஒன்றே இருந்து வந்தது. குறுகிய நேரம் மிகுதியாகச் சுவாசிப்பதும் மூச்சுக்குழாய்க்குத் தீங்கு செய்யும் என்னும் அறிவியல் சான்றுகளின் அடிப்படையில், 2010 தொடக்கத்தில் முகமை ஒருமணிநேர அளவுகோலை வகுத்தது: நூறுகோடிப் பங்கில் 100 பங்கு. அது நடைமுறைக்கு வந்த நாள் ஏப்ரல் 12. போபோர்ட் அனுமதி அளிக்கப்பட்டது அதற்கு மூன்று நாள் முன்பு. பூர்வகுடி மக்களுக்கு மிகுதியான பாதிப்பு நேராது என வட்டார அலுவலகம் முடிவு செய்தது பழைய ஆண்டு அளவுகோலை மட்டுமே நம்பி. அவ்வளவுகோல் தனித்துப் போதாது என முகமையே அறிவித்துவிட்ட பின்னர் அம்முடிவிற்கு ஆதாரம் இல்லை என வாரியம் கண்டது.

பிறகு திருத்தப்பட்ட அனுமதிகள் 2011இல் வெளிவந்தன. துளையிடுமிடத்தில் ஒரு நங்கூரமேனும் கடற்படுகையைப் பற்றியிருக்கும் காலம் முழுவதும் கப்பல் மூலமே என அவை வரையறுத்தன. அறிவிப்பின் இடத்தில் பார்த்துச் சரிபார்க்கத்தக்க ஒரு நிகழ்வு வந்தது. நான்கு சொற்களில் அடங்கும் இம்மாற்றம், அவ்வழக்கு ஈட்டித் தந்த உறுதியான பயன் எனலாம்.

ஆனால் வழக்கு அத்தோடு முடியவில்லை. துணைக் கப்பல்களின் உமிழ்வு மூலத்தின் நேரடி உமிழ்வு என்றால், சிறந்த கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பமும் அவற்றிற்குப் பொருந்த வேண்டாமா என எதிர்ப்பாளர்கள் வினவினர். 2012 டிசம்பரில் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம், சட்டத்தொடர் இருபொருள்பட நிற்கிறது என்றும், பிணைக்கப்படாத துணைக் கப்பல்களுக்கு அத்தேவை இல்லை என்னும் முகமையின் பொருள்கோள் ஏற்கத்தக்கது என்றும் தீர்ப்பளித்தது. கணக்கில் அவை உண்டு, கட்டுப்பாட்டில் இல்லை. உமிழ்வின் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறதோ அங்கேயே தொழில்நுட்பத் தேவை நின்றுவிடுகிறது என்பது இத்தீர்ப்பின் விளைவு.

அதே தீர்ப்பில் மற்றொரு வரையறையும் உறுதிசெய்யப்பட்டது. அளவுகோல்கள் ‘புறக்காற்றுக்கு’ உரியவை. புறக்காற்று என்பது பொதுமக்கள் அணுகக்கூடிய காற்று. ஆலையைச் சுற்றி வேலி இருந்தால் உள்ளிருக்கும் காற்று அளவுகோலுக்கு உட்படுவதில்லை. கடலில் வேலி இல்லை. எனினும் கடலோரக் காவற்படை துரப்பணக் கப்பலைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் அறிவித்துப் பிறரை விலக்கினால், அவ்வளையத்திற்குள் இருக்கும் காற்று புறக்காற்று அன்று என முகமை கொண்டது. நீதிமன்றமும் அதனை ஏற்றது. 2013இல் ‘குல்லுக்’ என்னும் மற்றொரு துரப்பண மேடை பற்றிய வழக்கிலும் இதே நிலைப்பாடு தொடர்ந்தது. தரையில் வேலியிடுபவர் அந்நிலத்தின் உரிமையாளர். கடலில் விலக்கப்படும் பரப்போ தலைமுறைகளாக வேட்டைக்குச் சென்ற நீர்ப்பரப்பு. இவ்வொப்புமை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது விவாதத்திற்குரியது.

இதற்கிடையே நாடாளுமன்றம் வேறு வழியில் தலையிட்டது. 2011 டிசம்பரில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் ஒன்று, அலாஸ்காவின் வடசரிவுக் கடற்பகுதியில் காற்று மாசு அதிகாரத்தை முகமையிடமிருந்து எடுத்து மீண்டும் உள்துறைக்கே அளித்தது. 328ஆம் பிரிவு ஆர்க்டிக்கில் இருபத்தோராண்டுகளே செல்லுபடியாயிற்று. ஏற்கெனவே அளிக்கப்பட்ட அனுமதிகளின்கீழ் 2012 கோடையில் இரு கலங்களும் பணிசெய்தன. உமிழ்வு வரம்புகளை மீறியதாக 2013 தொடக்கத்தில் முகமை அறிவிக்கை விடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டிஸ்கவரருக்காக 7,10,000 டாலரும் குல்லுக்கிற்காக 3,90,000 டாலரும் தண்டமாகச் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. குல்லுக் அதற்கு முன்பே, 2012 டிசம்பர் 31 அன்று கோடியாக் தீவையொட்டித் தரைதட்டியிருந்தது. 2015இல் ஷெல் அக்கடலை விட்டு விலகியது.

அட்லாண்டிக்: காற்றாலைக்கு எதற்குப் புகை அனுமதி?

2005ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கைச் சட்டம் வெளிக் கண்டத்திட்டில் காற்றாலைகளுக்கும் இடமளித்தது. அதனால், எண்ணெய் மேடைகளை எண்ணி எழுதப்பட்ட 328ஆம் பிரிவு அவற்றிற்கும் பொருந்தலாயிற்று. மாசசூசெட்சின் நான்டக்கெட் நீரிணையில் 130 காற்றாலைகளை நிறுவ முயன்ற கேப் விண்ட் திட்டத்திற்கு 2011 ஜனவரியில் முகமை அனுமதி அளித்தது. திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது. அதே மாநிலத்தின் தெற்கே 62 காற்றாலைகளுடன் 800 மெகாவாட் திறனில் திட்டமிடப்பட்ட வினியார்ட் விண்ட் 2021இல் அனுமதி பெற்றது.

சுழலும் காற்றாலை எதையும் எரிப்பதில்லை. ஆயினும் அதை நடுவதற்கு எரிக்க வேண்டியிருக்கிறது. கடற்படுகையில் கால்களை ஊன்றித் தன்னுடலை நீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும் ஜாக்-அப் கப்பல்கள், அடித்தூண்களை அறையும் சம்மட்டி எந்திரங்கள், பாரந்தூக்கிகள், கம்பிவடம் பதிக்கும் கப்பல்கள், பணியாளர் படகுகள் யாவும் டீசலில் இயங்குவன. நிறுவியபின் கடலிலுள்ள துணைமின் நிலையத்தில் அவசரகால மின்னாக்கிகள் இருக்கும். மின்சுவிட்சுகளில் பயன்படும் சல்பர் ஹெக்சாபுளோரைடு கசிந்தால் அது மிக ஆற்றல்வாய்ந்த பசுமைக்குடில் வாயு. ஜாக்-அப் கப்பல் கால் ஊன்றியதும் ஐயத்திற்கிடமின்றி ‘இணைக்கப்பட்டு நிறுவப்பட்ட’ மூலமாகிவிடுகிறது. ஆர்க்டிக்கில் வழக்காடிப் பெற வேண்டியிருந்த தெளிவு இங்கு எந்திரத்தின் அமைப்பிலேயே கிடைத்துவிடுகிறது.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. கரையில் அமைந்திருந்தால் பொருந்தும் விதியே கடலிலும் பொருந்தும் என்பது 328ஆம் பிரிவின் உறுதிமொழி. கரையில் ஒரு காற்றாலைப் பண்ணை அமைக்கப்படும்போது அதன் பாரந்தூக்கிகளும் சரக்குந்துகளும் நகரும் மூலங்கள்; அவற்றின் உமிழ்வு பண்ணையின் கணக்கில் சேர்வதில்லை. அயோவா சமவெளியில் நூறு காற்றாலை நடுபவர் இத்தகைய அனுமதியை நாட வேண்டியதில்லை. கடலிலோ, ‘கட்டுமானம்’ என்னும் சொல்லைச் சட்டமே மூலத்தின் செயல்களுள் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறது. துணைக் கப்பல்களையும் சேர்த்துவைத்திருக்கிறது. பண்ணை முழுவதும் ஒரே மூலமாகக் கொள்ளப்படுவதால், இரண்டு மூன்று ஆண்டுக் கட்டுமானத்தின் உமிழ்வே 250 டன் வரம்பைத் தாண்டப் போதுமானதாகிறது. எண்ணெய்த் துரப்பணத்தின் நீண்ட உற்பத்திக் காலத்தை மனத்திற்கொண்டு எழுதிய கணக்கு, தொடக்கத்தில் மட்டும் உமிழ்ந்து பின்னர்ப் பெரும்பாலும் ஓய்ந்துவிடும் ஒரு தொழிலின்மேல் விழுகிறது. இதனை அநீதி எனத் தள்ளிவிடவும் இயலாது. கட்டுமானக் காலத்தில் கரையில் வாழும் ஆஸ்துமா நோயாளிக்கு அப்புகை காற்றாலையிலிருந்து வந்ததா துரப்பணத்திலிருந்து வந்ததா என்பது பொருட்டன்று.

அனுமதி எழுதுவோர் எதிர்கொள்ளும் நடைமுறைச் சிக்கலும் உண்டு. விண்ணப்பிக்கும் நாளில் எந்தக் கப்பல் வரும் என்பது நிறுவனத்திற்கே தெரியாது. இத்தகைய பெருங்கப்பல்கள் உலகில் குறைவு. பல ஐரோப்பியக் கொடியின்கீழ் இயங்குபவை. 1920ஆம் ஆண்டு ஜோன்ஸ் சட்டத்தின்படி, அமெரிக்க இடங்களுக்கிடையே சரக்கை ஏற்றிச்செல்லும் கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டு, அமெரிக்கக் கொடி தாங்கியிருத்தல் வேண்டும். எனவே வெளிநாட்டு நிறுவுகப்பல் கடலிலேயே நிற்க, இறக்கைகளையும் கோபுரங்களையும் துறைமுகத்திலிருந்து வேறு தோணிகள் ஏற்றிவருகின்றன. கூடுதல் கலங்கள், கூடுதல் பயணங்கள், 25 மைலுக்குள் கூடுதல் டீசல். கப்பல்தொழிலைக் காக்க வகுத்த நூற்றாண்டுப் பழைய விதி காற்று மாசுக் கணக்கில் இவ்வாறு வந்து நிற்கிறது. அனுமதிகள் இதனை, பணிக்கு வரும் நாளில் கிடைப்பவற்றுள் மிகத் தூய தரநிலை எந்திரமுள்ள கப்பலையே அமர்த்த வேண்டும் என்னும் நிபந்தனையால் ஓரளவு எதிர்கொள்கின்றன. ‘கிடைக்கவில்லை’ என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது என்பதில்தான் அந்நிபந்தனையின் வலிமை அடங்கியிருக்கிறது.

அனுமதி திரும்பப் பெறப்படுதல்

நியூஜெர்சிக் கடற்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 2,800 மெகாவாட் திறனுக்குத் திட்டமிடப்பட்ட அட்லாண்டிக் ஷோர்ஸ் காற்றாலைக்கு முகமையின் இரண்டாம் வட்டார அலுவலகம் 2024 செப்டம்பர் 30 அன்று அனுமதி அளித்தது. அக்கரையில் பிரிகாண்டைன் வனப்பகுதி உள்ளது. அது ‘முதல் வகுப்பு’ப் பகுதி, அதாவது அங்குக் காற்றின் தெளிவும் காட்சித் தொலைவும் சட்டத்தால் தனியே காக்கப்படுவன. உமிழ்வு அப்பகுதியைப் பாதிக்குமா, மாதிரிக் கணக்கீடுகள் போதியனவா என்பன போன்ற வினாக்களை எழுப்பி, அப்பகுதி மக்கள் அமைப்பு ஒன்று மேல்முறையீட்டு வாரியத்தில் மனுச் செய்தது. காற்றாலையை விரும்பாதவர்கள் காற்று மாசுச் சட்டத்தைக் கையிலெடுத்தனர் எனக் கூறுவோர் உண்டு. நோக்கம் எதுவாயினும் வினாக்கள் சட்டத்திற்கு உட்பட்டவையே. அவற்றிற்கு விடை பெறுவதற்காகவே வாரியம் இருக்கிறது.

2025 ஜனவரி 20 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் குறிப்பாணை, வெளிக் கண்டத்திட்டில் காற்றாலைக் குத்தகைகளை நிறுத்திவைத்தது. மறுபரிசீலனை முடியும்வரை காற்றாலைகளுக்குப் புதிய அனுமதிகள் வழங்க வேண்டா எனத் துறைகளைப் பணித்தது. பிப்ரவரி இறுதியில் வட்டார அலுவலகம், தான் அளித்த அனுமதியைத் தன்னிடமே திருப்பித் தருமாறு வாரியத்திடம் வேண்டியது. குறிப்பாணையின் ஒளியில் திட்டத்தை மறுபடி ஆராய வேண்டும் என்பதே அதன் காரணம். நிறுவனம் எதிர்த்தது. மார்ச் 14 அன்று வாரியம் வேண்டுகோளை ஏற்று அனுமதியைத் திருப்பியனுப்பியது.

2010இலும் வாரியம் அனுமதிகளைத் திருப்பியனுப்பியதை மேலே கண்டோம். அன்று அது ஒரு நங்கூரத்தின் நிலையையும் ஒருமணிநேரக் காற்றின் தரத்தையும் ஆராய்ந்து, பிழை இன்னது எனச் சுட்டித் திருப்பியது. அதனால் திருத்தமும் நிகழ்ந்தது. 2025இல் திருப்பப்பட்ட அனுமதியில் பிழை உண்டா இல்லையா என்பது ஆராயப்படவில்லை. கப்பல்களின் உமிழ்வுக் கணக்கு சரியா, பிரிகாண்டைன் வானம் மங்குமா, மாதிரிகள் நம்பத்தக்கனவா ஆகிய வினாக்கள் மனுவில் எழுதப்பட்டவாறே, எவராலும் தீர்க்கப்படாமல் கோப்பிற்குள் இருக்கின்றன.